சப்பரத் தெருவில் கண்ணாடி இழை

ஜனவரி 26

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம். கிராமசபையில் இன்றுதான் வாயைத் திறந்தேன். மகிழ் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகணுமா என்று அத்தை முகத்தைச் சுளித்தார். போனேன்.

குடிதண்ணீர், நூறு நாள் வேலை, தெருநாய் எல்லாம் முடிந்த பிறகு தலைவி வளர்மதி அக்கா கடைசியாக ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஃபைபர் இணையத் திட்டம். பஞ்சாயத்து ஆபீஸ் வரை கேபிளை அரசே இழுத்துத் தரும். அங்கிருந்து தெருக்களுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் போதுமான வீடுகள் பேர் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தும் தன் பொது நிதியிலிருந்து ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். அதான் போன் இருக்கே என்று யாரோ சொன்னார்கள். தாள் மடிக்கப்படுவதற்குள் எழுந்துவிட்டேன்.

ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் டேங்கின் அடிக்கு ஓடுவதையும், வரிசை மொத்தமும் அவர் பின்னால் நடப்பதையும் சொன்னேன். பிள்ளைகள் ஆன்லைன் பரீட்சைக்கு அதே டேங்கடியில் உட்காருவதைச் சொன்னேன். நானும் அங்கேதான் லேப்டாப்போடு உட்காருகிறேன் என்பது ஊருக்கே தெரியும். ஜூலை முதல் தேதியிலிருந்து செல்போன் இணையம் செல்லாது, வீட்டுக்குள் கம்பி வழி இணைப்பு வேண்டும், இல்லையென்றால் சென்னை ஆபீசுக்கு வந்துவிடு என்று கம்பெனியிலிருந்து எனக்கு வந்திருக்கிற உத்தரவை மட்டும் சொல்லவில்லை. பொதுக்காரியம் போலப் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

மாமாவின் அண்ணன் மருதையா, கோயில் கமிட்டித் தலைவர். நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். "ஏம் மருமவளே, அந்த ஒயர்லயே காவேரித் தண்ணியும் வந்துருமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் பசி. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பிப்ரவரி 5

வீடு வீடாகப் பேர் வாங்கப் போகிறேன். பேர் கொடுத்தால் ரேஷனில் கைவைப்பார்களா என்று கேட்காத வீடு இல்லை. மேலத்தெருவில் ஒரு அம்மா, மலேசியாவில் இருக்கிற மகன் முகம் நிற்காமல் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரரும் இரண்டு நாள் கூட வந்தார். குட்டியானை வேன் வாடகைக்கு ஓட்டுகிறவர் என்பதால் இவரை எல்லா வீட்டுக்கும் தெரியும். தென்னரசு சொன்னால் சரிதான் என்று போட்டுவிடுகிறார்கள். எனக்காக வந்தார். அதை எழுதி வைக்க வேண்டும்.

மகிழுக்குக் கழுத்து மடிப்பில் சிவந்திருக்கிறது. பவுடரை நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 12

அளவெடுக்க இஞ்சினியர் வந்தார். பெயர் பெலிக்ஸ், மார்த்தாண்டம் பக்கம், என் வயதுதான் இருக்கும். ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே தெருவை அளந்தார். மகிழ் அந்தச் சக்கரத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

பிரச்சினை கிழக்குத் தெருவில். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வருகிற கேபிள் அந்தத் தெருவைக் குறுக்கே தாண்டித்தான் எங்கள் பக்கம் வர முடியும். செல்லியம்மன் சப்பரம் போகிற தெரு அது. வருஷா வருஷம் மூங்கிலைக் கட்டி, துணி சுற்றிக் கோபுரம் போல எழுப்புவார்கள். எவ்வளவு உயரம் என்று பெலிக்ஸ் கேட்டதற்குப் பெரிய மாமா, "ஆத்தா எம்புட்டு ஒசரம் கேக்குறாளோ அம்புட்டு" என்றார்.

அப்படியானால் தெருவைக் குறுக்கே ஒரு முழ அகலம் வெட்டி மண்ணுக்குள் பதித்துவிடலாம் என்றார் பெலிக்ஸ். வளர்மதி அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். சிமெண்ட் ரோடு போட்டு ஈரம்கூடக் காயவில்லை, ரோட்டை ஆய்வு செய்ய இன்னும் ஆள் வரவில்லை, கீறல் தெரிந்தால் பில் நின்றுவிடும். சரி, உயரமாக இரண்டு கம்பம் நடலாமென்றால் திட்டத்தில் புதுக் கம்பத்துக்கு நிதியே இல்லை. இருக்கிற மின்கம்பத்தில்தான் கட்ட வேண்டும். கடைசியில் இப்படி முடிவானது: மேலேயே இழுப்பது, சப்பரத்தன்று மட்டும் பெலிக்ஸின் ஆட்கள் வந்து கேபிளைத் தளர்த்திக் கீழே இறக்கி, சப்பரம் போனதும் ஏற்றிவிடுவது.

"தேதியை மட்டும் ஒரு மாசத்துக்கு முன்ன சொல்லிருங்க."

"பூக் கேட்டாத்தான் தம்பி தேதி" என்றார் பெரிய மாமா.

சித்திரை பிறந்த பிறகு அம்மன் தலையில் பூ வைத்துக் கேட்பார்கள். வலப்பக்கம் விழுகிற அன்று காப்பு. அதிலிருந்து எட்டாம் நாள் சப்பரம். எட்டு நாளைக்கு முன்பு வரை அம்மனுக்கே தெரியாத தேதியைப் பெலிக்ஸ் தன் தாளில் எப்படி எழுதுவார்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 13

மகிழ் பால் பாட்டிலைத் தட்டிவிட்டாள். இன்றும்.

மார்ச் 8

வெயில் ஏறிவிட்டது. டேங்கின் நிழல் நகர நகர நானும் நாற்காலியை நகர்த்துகிறேன். ஏதோ ஒரு அமெரிக்க ஆஸ்பத்திரியின் பில்களில் நோய்க்கான எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மேலே குழாயிலிருந்து சொட்டுகிறது, கீழே ஆடு வந்து சார்ஜர் ஒயரை மோந்து பார்க்கிறது. பசித்தால் அத்தை மகிழைத் தூக்கிக்கொண்டு வருவார். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே கொடுப்பேன்.

சென்னையில் ஆபீஸ் என்றால் இரவு ஷிப்ட். ஹாஸ்டலில் குழந்தை கூடாது. மாமா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அவரை விட்டு அத்தை வர முடியாது. இவருக்கு வாடகை கிடைக்கிற நாள் உண்டு, கிடைக்காத நாள்தான் அதிகம். இந்த வீட்டில் முதல் தேதி தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? எல்லாம் தெரிந்ததுதான்.

மேலாளர் வித்யா மேடம் இன்று மறுபடி நினைவூட்டினார். இணைப்புச் சான்றிதழ் ஜூன் கடைசிக்குள் கையில் இருக்க வேண்டும்.

மகிழ் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். மூக்கடியில் விரலை வைத்தால் விழித்துக்கொள்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் போதவில்லை.

மார்ச் 29

கேபிள் கட்டியாகிவிட்டது. கறுப்பாக, கேபிள் டிவி ஒயர் மாதிரியேதான் இருக்கிறது. பெலிக்ஸ் ஒரு துண்டை உரித்து உள்ளேயிருந்த இழையை இவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிசு. கண்ணாடி.

"அண்ணே, இத வெட்டிட்டா முறுக்கிச் சேக்க ஏலாது பாத்துக்கிடுங்க. தனி மெஷின் வச்சுத்தான் ஒட்டணும். அந்த மெஷின் நம்ம கையில எப்பவும் இருக்காது."

இவர் கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊதினால் பறந்துவிடும்போல இருந்ததாம். சாயந்திரம் டீக்கடையில் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அத்தை சொன்னார். வீட்டில் எனக்கு சிக்னல் கிடையாது என்பதால் பெலிக்ஸ் இவர் நம்பரைத்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஏப்ரல் 16

வெளிச்சம் வந்துவிட்டது. அப்படித்தான் சொல்கிறார்கள்: கேபிளுக்குள் வெளிச்சம் ஓடுகிறதாம். சோதனைக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும். சுவரில் சின்னப் பெட்டி, அதில் ஒரு பச்சைப் பொட்டு.

மே 2 அன்று மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அன்று இணைப்பு ஓடிக்கொண்டிருந்தால் கடைசித் தவணை நிதி வரும், மற்ற வீடுகளுக்குக் கம்பி இழுப்பார்கள், எனக்குச் சான்றிதழும் கிடைக்கும்.

இன்று முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்தேன். மகிழ் மடியிலேயே தூங்கினாள். வேலை முடிந்தும் எழுந்திருக்க மனசில்லை. பச்சைப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அணைந்துவிடுமோ என்றே இருந்தது.

ஏப்ரல் 22

பூ வலப்பக்கம் விழுந்தது. சப்பரம் அடுத்த வாரம் புதன்கிழமை, முப்பதாம் தேதி.

பெலிக்ஸின் ஆட்கள் வேறு ஜில்லாவில் வேலையில் இருக்கிறார்கள். அன்று மாலைக்குள் எப்படியும் வந்துவிடுவோம், கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனையில் காத்திருக்கச் சொல்லுங்கள், என்ன ஆனாலும் வெட்டக் கூடாது என்று பெலிக்ஸ் இவரிடம் போனில் சொன்னாராம்.

பெரிய மாமாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன் என்றார் இவர். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "தலையாட்டுனாரு" என்றார்.

ஏப்ரல் 26

காப்புக் கட்டியிருப்பதால் ஊரில் யாரும் வெளியூரில் தங்குவதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மகிழுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிக்கிறாள்.

மே 1

நேற்று எழுத முடியவில்லை.

சப்பரத்தைத் தோளில் ஏற்றிவிட்டால் சுற்றி முடித்துக் கோயிலுக்குத் திரும்பும் வரை கீழே வைக்கக் கூடாது. வைத்தால் ஊருக்கு ஆகாது. இது எனக்குத் தெரியும். தோளில் ஏற்றிய பிறகு தெருமுனையில் காத்திருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். பெலிக்ஸுக்கு அது எப்படித் தெரியும்?

மின்வாரியத்து ஆள் வந்து கரண்டை நிறுத்தி, தாழ்ந்த கம்பிகளைக் கழற்றிவிட்டார். கேபிள் டிவிக்காரர் வழக்கம்போலத் தன் ஒயரை வெட்டிச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டினார்; மறுநாள் முறுக்கி டேப் சுற்றிவிடுவார். பெலிக்ஸின் வேன் வரவில்லை. இவர் போனுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்க முடியாது, முன்கொம்பில் வலதுபக்கம் தோள் கொடுத்திருந்தார்.

பொழுது சாய்கிற நேரம். நான் மகிழோடு கிழக்குத் தெரு முனையில் நின்றேன். சப்பரம் திரும்பியது. கோபுரத்தின் உச்சி கேபிளுக்கு மேலே இருந்தது. பெரிய மாமா ஏணிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவன் அரிவாளோடு ஏறினான். நான் கத்தினேன். "வெட்டாதீங்க, அது கண்ணாடி" என்று கத்தினேன். மகிழ் பயந்து அழுதாள். தப்பும் உறுமியும் காதைக் கிழித்தன. இவர் என் பக்கம் திரும்பினார். பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மனைப் பார்த்தார்.

ஒரே வெட்டு. சப்பரம் நிற்காமல் போனது. எல்லோரும் குலவையிட்டார்கள்.

வேன் வந்தபோது வாண வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. வழியில் பஞ்சராம். பெலிக்ஸ் தலைக்கு மேலே பார்த்தபடி நடுத்தெருவில் நின்றார். பெரிய மாமா அவர் தோளில் கைபோட்டு, "ரெண்டு மொனையையும் ஈரம் படாம டேப்பு சுத்தி, பத்திரமாக் கட்டி வச்சிருக்கோம் தம்பி. காலையில முறுக்கி விட்டுக்கங்க. மொதல்ல சாப்பிடுங்க" என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் பை வேறு சுற்றியிருந்தது. பெலிக்ஸை இலைபோட்டு உட்காரவைத்தார்கள். சாப்பிட்டார்.

இவர் என்னைப் பார்க்கவே இல்லையாம். மேளச் சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்கிறார். கேட்டிருக்காது. எனக்கே என் குரல் கேட்கவில்லை.

மே 2

ஆய்வுக்கு வந்தார்கள். பச்சைப் பொட்டு இருந்த இடத்தில் சிவப்பு. "சேவை இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். இழை ஒட்டுகிற மெஷின் மூன்று ஊர் தள்ளி இருக்கிறதாம். அது வந்தாலும், நடுவில் ஒட்டினால் நீளம் பற்றாது. கம்பத்திலிருந்து கம்பம் வரை புதுக் கேபிள் போட வேண்டும். அதற்குத் திருத்திய மதிப்பீடு, அதற்கு மறுபடி அனுமதி.

வந்தவர்களுக்கு மோர் கொடுத்தேன்.

மே 9

பெரிய மாமா பொங்கல் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை.

"ஊரே என்னைய ஏசுது. கண்ணாடின்னு யாருமே எங்கிட்டச் சொல்லலையே மருமவளே. சொல்லியிருந்தா மூங்கிலக் கொறச்சுக் கட்டியிருப்பேனே. ஆத்தா என்ன, ஒரு கழி கொறஞ்சா கோவிச்சுக்குவாளா?"

வயதாகிவிட்டது அவருக்கு. மறந்திருப்பார். திருவிழா நேரத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள்.

இவர் அப்போது பின்கட்டில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பெரிய மாமா போன பிறகும் வெகுநேரம் வரவில்லை.

மே 10

இவரிடம் கேட்கவில்லை.

மே 20

வளர்மதி அக்காவோடு மாவட்ட அலுவலகம் போனேன். மகிழையும் தூக்கிக்கொண்டு. பஸ்ஸில் எல்லோரும் அவளைக் கொஞ்சினார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கணினியைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினார். இணைப்பு இல்லாத ஊர்களெல்லாம் சிவப்பு. அவற்றுக்கு அடுத்த கட்ட நிதி வருகிறது. எங்கள் ஊர் செம்பியநத்தம் பச்சை. ஏப்ரல் பதினாறாம் தேதி வெளிச்சம் வந்ததல்லவா, அன்றே இணைக்கப்பட்ட ஊர் ஆகிவிட்டதாம். அதனால் அடுத்த கட்டத்தில் வராது. அறுந்ததைச் சரிசெய்வது பராமரிப்புக் கணக்கு. அதற்கு இன்னும் டெண்டரே விடவில்லை.

"அப்ப எங்க ஊரு எதுலதான் சார் வரும்?" என்று அக்கா கேட்டார்.

அவர் திரையில் பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "எதுலயும் இல்லம்மா, இப்போதைக்கு" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது, இறங்கும் இடம் வந்ததும் அக்கா, "ஒரு மொழம் வெட்டியிருக்கலாம், இல்ல?" என்றார். இருக்கலாம்தான். அந்த ரோட்டை ஆய்வு செய்ய இன்னும் ஆள் வரவில்லை.

மே 27

பாட்டில், பாலாடை, கிண்ணம், ஸ்பூன். எதையும் ஏற்கவில்லை. கூழ் கொடுத்தால் நாக்கால் தள்ளுகிறாள். ஒன்பது மாதம். அடுத்த மாதம் தானாகச் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னார்.

ஜூன் 6

டேங்கடியில் இருந்தபோது பெலிக்ஸ் கூப்பிட்டார். இந்த ஜில்லா வேலை முடிந்து திருநெல்வேலிப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். தன் சொந்தக் காசில் புதுக் கேபிளும் மெஷினும் எடுத்து வந்து ஒட்டலாமா என்று மேலிடத்தில் கேட்டாராம்; பச்சையாக இருக்கிற ஊரில் கைவைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். மன்னிச்சிருங்கக்கா என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

நானும் ஒன்று கேட்டேன். அன்று பஞ்சரானபோது இவருக்குப் போன் செய்தீர்களா என்று. நாலு மணிக்கே செய்தாராம். அரைமணி நேரம் பிந்தும், சப்பரத்தைத் தூக்காமல் வைத்திருங்கள் என்று சொன்னாராம். அண்ணன் சரி என்று சொன்னாராம்.

ஊரே கூடி நிற்கிறது. பெரிய மாமா, இவருக்குப் பெரியப்பா, முன்னால் நிற்கிறார். ஒரு ஒயருக்காகத் தூக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? இவரால் முடியாது. வேறு யாராலும் முடியாது. நான் புரிந்துகொள்கிறேன்.



ஜூன் 14

வித்யா மேடத்திடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றார். ஜூலை ஒன்று, சென்னை, இரவு ஷிப்ட்.

வேலையை விட்டுவிடேன் என்றார் இவர். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். மாமாவின் மாத்திரை அட்டை பக்கத்தில் கிடந்தது. வண்டிக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும். "இல்ல... நீயே முடிவு பண்ணு. படிச்சவ நீ" என்றார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாம். ஞாயிறு காலை வந்து, ஞாயிறு இரவே பஸ் ஏறிவிடலாம். மகிழ் மறந்துவிட மாட்டாள். குழந்தைகள் வாசனையை மறக்காது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜூன் 19

பையில் என்ன வைப்பது என்று தெரியவில்லை. இவர் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். சக்கரம் வைத்தது. நான் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 25

நீ போவதற்குள் பாலை நிறுத்தவில்லை என்றால் குழந்தை ஏங்கிப்போகும், காய்ச்சல் வரும், இப்போதே மறக்கடித்துவிடு என்று அத்தை பத்து நாளாகச் சொல்கிறார். நாளை, நாளை என்று தள்ளினேன். இன்று காலை அவரே வேப்பங்கொழுந்தைப் பறித்து அம்மியில் அரைத்து, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். கோபமில்லை, அதிகாரமில்லை. மூன்று பிள்ளைகளுக்கு அவரும் இப்படித்தான் செய்தாராம்.

மார்பில் பூசிக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

மகிழ் தூங்கி எழுந்து, வழக்கம்போல என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாயை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். முகம் சுருங்கியது. நாக்கை வெளியே நீட்டி, உடம்பெல்லாம் ஒருமுறை சிலிர்த்தது. அழப்போகிறாள், முடிந்தது என்று நினைத்தேன். அழவில்லை. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மறுபடி வாயை வைத்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் சிலிர்த்துச் சிலிர்த்துக் குடித்தாள். நிறுத்தவில்லை.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தல. இன்னங் கொஞ்சம் கெட்டியா அரைக்கணும்" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.